சோறு, தூக்கம், நாற்காலி

2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லிப் பக்கம் மகளிர் விடுதி ஒன்றில் சாப்பிட்ட பெண்கள் வாந்தி பேதியில் சுருண்டார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் அவர்கள். 250-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பக்கத்துப் படுக்கைக்காரி எங்கே போனாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று சொன்ன ஆப்பிள் நிறுவனம், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பெண்கள் நெருக்கியடித்துத் தரையில் படுத்திருந்தது அப்போதுதான் உலகச் செய்தியானது. 2022 ஜனவரி 12 வரை அங்கிருந்து ஒரு ஐபோன்கூட வெளியே வரவில்லை.

விடுதிச் சாப்பாட்டை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது தொழில் வட்டாரங்களில் சகஜம். அது உற்பத்தியோடு சேராத சில்லறைச் சமாச்சாரம். அந்தச் சில்லறைதான் மூன்று வாரத்துக்கு மேல் உற்பத்தி முழுவதையும் நிறுத்திவைத்தது. பிறகு தமிழ்நாடு அரசின் சிப்காட், வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 18,720 பேர் தங்கும் விடுதியைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் நடந்த திறப்பு விழாவுக்கு ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவே வந்திருந்தார். படுக்கையும் குளியலறையும் அந்நிய முதலீட்டுப் பேச்சுவார்த்தைக்குள் வந்துவிட்டன.

ஊழியர் நலச் சலுகைகள் வேலைத் திறனை உயர்த்துமா என்ற கேள்விக்கு எச்.ஆர். அதிகாரிகளிடம் தயாராக ஒரு பதில் உண்டு: மகிழ்ச்சியான ஊழியர் நன்றாக உழைப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை இவ்வளவு வழவழப்பாக இல்லை. அந்த அளவெடுப்புகளில் சுவாரசியமான இரண்டு சென்னையிலேயே நடந்தன என்பது நம்மில் பலர் அறியாதது.

முதலாவது சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களைப் பற்றியது. உயரத்துக்கேற்ற எடை இல்லாத ரிக்‌ஷாக்காரர்கள் சிலருக்குப் பொருளியலாளர் ஹெதர் ஷோஃபீல்ட் ஐந்து வாரம் தினமும் கூடுதலாக 700 கலோரி அளவுக்கு உணவு கிடைக்கச் செய்தார். உணவு பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, கடைசி வாரத்துக்குள் இவர்களுடைய உழைப்பும் வருமானமும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்தன. வயிறு நிறைந்தால் மிதி பலக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கேன்டீன் டெண்டரில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்த மேலாளரைப் பாராட்டும் நிறுவனங்கள் இருக்கும்வரை, இந்த மாதிரி எண்களுக்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது தூக்கம். பெட்ரோ பெஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஷோஃபீல்ட், மட்டி டோமா ஆகிய ஐவர் சென்னையில் ஓர் அலுவலகம் போட்டு, 452 பேரை ஒரு மாத அளவில் டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தார்கள். எல்லோரும் குறைந்த வருமானக்காரர்கள். கைக்கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தால், இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடப்பவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, தெருச் சத்தம், நெருக்கடி. ஒரு பகுதியினருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி என்று கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு இவற்றோடு அதிகம் தூங்கினால் காசும் கிடைத்தது. தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது.

பெரிய பலன் வரும் என்று துறை வல்லுநர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். வரவில்லை. தட்டச்சு வேகத்திலும் மாற்றமில்லை, மன நிலையிலும் மாற்றமில்லை.

அதே ஆய்வில் வேறொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு பிரிவினர் மதியம் அலுவலகத்திலேயே அமைதியான அறையில் அரை மணி நேரம் படுக்கலாம். இவர்களிடம்தான் பலன் தெரிந்தது. தூங்காமல் அதே நேரம் வெறுமனே ஓய்வெடுத்தவர்களைவிட இவர்களது உற்பத்தித் திறன் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் உயர்ந்தது. கவனமும் மனத் தெளிவும் கூடின. ஓய்வே எடுக்காமல் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்கள் வேலை நேரத்தில் கொஞ்சம் இழக்கிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. முதலாளி இதை இலாப நட்டமாக மட்டும் பார்த்தால் தயங்கத்தான் செய்வார். ஆனால் உடைந்து உடைந்து வரும் இரவுத் தூக்கத்தில் அரை மணி கூட்டுவதைவிட, அமைதியான அறையில் மதியக் குட்டித் தூக்கம் அதிகம் உதவியது என்பது யோசிக்க வைக்கிற செய்தி. சாப்பாட்டுக்குப் பின் கண் அசரும் ஊழியரைச் சோம்பேறி என்று திட்டும் சூப்பர்வைசர் இதைப் படிப்பது நல்லது.

மதிய நேரத்துக்கான சண்டை சென்னைக்குப் புதிதும் இல்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-ல் தொழிலாளர் தலைவர் பி.பி. வாடியாவிடம் கொண்டுபோன முக்கியமான குறை, சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான் என்பது. கைகழுவி, சாப்பிட்டு, சங்கு ஊதுவதற்குள் திரும்பி ஓட அது போதவில்லை. அந்த ஏப்ரல் 27 அன்று பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் உழைப்பில் வளர்ந்து, இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பிடித்தது.

உடம்புக்கு அடுத்தது தலைக்குள் ஓடும் கணக்கு. ஒடிசாவில் தையல் இலை தைக்கும் ஏழைத் தொழிலாளர்களிடம் சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் ஒரு சோதனை செய்தார்கள். வேலை முடிந்த பின் தரவேண்டிய கூலியில் பெரும்பகுதியைச் சிலருக்கு நாலு நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலி கூடவில்லை. கைக்கு வந்த தேதிதான் மாறியது. காசு வாங்கிய மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த இலைகள் சுமார் 7 சதவீதம் அதிகம், தவறுகளும் குறைவு. கடன்காரரையும் மளிகைக் கடை பாக்கியையும் நினைத்துக்கொண்டிருந்த மனம் கொஞ்சம் விடுபட்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். சம்பளத்தை ஒன்றாம் தேதி தருவதற்கும் பன்னிரண்டாம் தேதி தருவதற்கும் வித்தியாசமில்லை என்று நினைக்கும் சிறு நிறுவனங்கள் நம்மூரில் ஏராளம்.

பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா? தீபாவளி வந்தால் ஒவ்வோர் அலுவலகத்திலும் எழும் இந்தக் கேள்வியை ஜெர்மனியில் மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் புத்தகப் பட்டியல் போட மூன்று மணி நேரத்துக்கு ஆள் எடுத்து, சிலருக்கு எதிர்பாராமல் ஏழு யூரோ கூட்டிக் கொடுத்தார்கள்; சிலருக்கு அதே விலையுள்ள தெர்மாஸ் ஃபிளாஸ்க்கைப் பரிசுத்தாள் சுற்றிக் கொடுத்தார்கள். பணத்துக்கு வேலை சற்றே கூடியது. ஃபிளாஸ்க்குக்கு சுமார் 25 சதவீதம் எகிறியது. விலையை வெளிப்படையாகச் சொன்ன பின்னும் இதே கதைதான். ரூபாய் நோட்டை மடித்துப் பொம்மை செய்வதுபோல் யூரோ நோட்டை மடித்துக் கொடுத்தபோது அதற்கும் பெரிய பலன் இருந்தது. கொடுப்பவர் மெனக்கெட்டிருக்கிறார் என்பது தெரிந்ததுதான் காரணம்.

இதை வைத்து போனஸுக்குப் பதில் ஃபிளாஸ்க் கொடுத்துவிடலாம் என்று எந்த முதலாளியும் கணக்குப் போட வேண்டாம். அந்த வேலை மூன்று மணி நேர வேலை; எதிர்பாராத பரிசு. நம்மூர் தீபாவளி போனஸ் எதிர்பார்க்கப்படுவது. சட்டம் ஆண்டு ஊதியத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று வரையறுத்த பிறகு அது ஊதியத்தின் தள்ளிவைத்த பகுதி. அதைக் கொடுத்தால் யாரும் கூடுதலாக உழைக்கப் போவதில்லை. கொடுக்காவிட்டால்தான் வேலை படுக்கும். 1917-ல் கொள்ளை நோய்க்குப் பயந்து ஓடும் தொழிலாளர்களை நிறுத்திவைக்க அகமதாபாத் ஆலை முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் நிறுத்தினார்கள். விலைவாசியோ தணியவில்லை. 1918-ல் காந்தி தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்து, அவருடைய உண்ணாநோன்பு வரை போய், கடைசியில் 35 சதவீத உயர்வில் முடிந்தது.

காசு கொட்டியும் பலிக்காத சலுகைகளும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களில் சுமார் 5,000 பேரைக் கொண்டு உடல்நலத் திட்டம் ஒன்றைச் சோதித்தது. பரிசோதனை, பயிற்சி வகுப்பு, சேர்ந்தால் பணம். ஓராண்டுக்குப் பின் மருத்துவச் செலவு, விடுப்பு, வேலைத் திறன் எதிலும் குறிப்பிடும்படி மாற்றம் காணவில்லை. முன்பே ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் ஓடிவந்து சேர்ந்திருந்தார்கள். யோகா வகுப்பின் படத்தை ஆண்டறிக்கை அட்டையில் போடும் நிறுவனங்களுக்கு இது கசக்கலாம்.

மாறாக, ஊழியரிடம் கருத்துக் கேட்பதற்குச் செலவு குறைவு. பெங்களூருப் பகுதி ஆடை ஆலைகளில் சம்பள உயர்வு எதிர்பார்த்த அளவு இல்லாத ஒரு சமயத்தில், சில தொழிலாளர்களிடம் மட்டும் பெயர் சொல்லாமல் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது சுமார் 20 சதவீதம் குறைந்தது.

நலத்திட்டம் என்ற பெயரில் விலங்கு மாட்டியதும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று ஓடியது. மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தமாகத் தருவோம் என்று கிராமத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். சாப்பாடு, விடுதி இலவசம் என்றார்கள். வெளியே போகக் கட்டுப்பாடு. எந்த ஷிப்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டும். இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் மொத்தத் தொகையும் போய்விடும் என்ற பயம். அந்தப் பணம் பெரும்பாலும் அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடித்துவைத்தது. ஆலைக்கு நூல் கிடைத்தது உண்மைதான். அதைச் சலுகையின் வெற்றி என்று எழுத யாருக்கும் மனம் வராது.

நாற்காலி விவகாரம் இதைவிட எளியது. தி.நகர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுபவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அந்தத் தொழிலோடு வருபவை. கோழிக்கோட்டில் கடைப் பெண்களைத் திரட்டிய ‘பெண்கூட்டு’ அமைப்பின் போராட்டத்துக்குப் பின் கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வைக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தப் பிரிவு.

வாய்ப்புக் கிடைக்கும்போது. அது எப்போது கிடைக்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் மாடிக்கு ஒருவராக நிற்கும் மேற்பார்வையாளர். வாடிக்கையாளர் இல்லாத பதினொரு மணிக்குக்கூட உட்கார்ந்தால் முறைக்கிறார் என்றால், அங்கே இருக்கும் ஸ்டூல் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு மட்டும்தான் பயன்படும்.