சைலன்சரைப் பிடித்து நிறுத்தும் சில்லறைச் சாமான்கள்

பைக்குக்கு மாற்று சைலன்சர் வாங்கினால் பல சமயம் குழாய் மட்டும்தான் கைக்கு வரும். அதை வண்டியில் மாட்டும் போல்ட், ரப்பர் புஷ், காலர், வாஷர் எல்லாம் தனியாகத் தேட வேண்டியவை. பழையவை துருவேறி, கழற்றும்போதே பாதி முறிந்திருக்கும். சென்னை ஜி.பி. ரோட்டில் ‘ஒரு சைலன்சர் போல்ட் கொடுங்க’ என்று கேட்டால், ‘எந்த வண்டி, எந்த வருஷ மாடல்?’ என்றுதான் பதில் வரும். அது நியாயமான கேள்வி.

சைலன்சருக்கு முக்கியமான பிடி இரண்டு. முன்னால் பெண்டு பைப் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடம், பின்னால் ஃபிரேமில் மாட்டும் பிராக்கெட். முன்பிடி அசையக் கூடாது. அசைந்தால் புகை கசியும். பின்பிடி அசைந்து கொடுக்கத்தான் வேண்டும். இரும்பு சூடானால் நீளும். ஒரு மீட்டர் குழாய் 250 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் அதிகமாக நீளும். இதோடு எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். பின்னால் ரப்பர் இருப்பது இதற்காகத்தான்.

அந்த ரப்பருக்குள் ஒரு சின்ன இரும்புக் காலர் உண்டு. பழைய சைலன்சரோடு குப்பைக்குப் போய்விடுவது பெரும்பாலும் இதுதான். காலர் ரப்பரைவிட ஒரு நூல் நீளமாக இருக்கும். போல்ட்டை முறுக்கும்போது இறுகுவது காலர். ரப்பர் நசுங்காமல் தன் வேலையைப் பார்க்கும். காலர் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று: முறுக்கினால் ரப்பர் பிதுங்கி, பிராக்கெட்டின் வெல்டிங் விரிசல் விடும், தளர்த்தி விட்டால் போல்ட் வழியில் எங்கோ கழன்று விழும். கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம்.

அடுத்தது மரை. இன்றைய வண்டிகளில் பின்பிடிக்குப் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட். மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஸ்பானர் அளவை நம்ப வேண்டாம்: இதே போல்ட்டின் தலை ஒரு வண்டியில் 12, இன்னொன்றில் 13. பழைய புல்லட்டில் சிக்கல் வேறு. 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்து டிசைனோடு அங்குல மரைகளும் கூடவே வந்தன. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு 8 போலவே தெரியும். இரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கும். அதற்கு மேல் ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். இரண்டு போல்ட்டுகளின் மரையையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லோடு பல் கடைசி வரை பொருந்தினால் ஒரே மரை. நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு. அளவு நாடாவும் போதும்: 10 மரை இடைவெளிக்கு 12.5 மில்லிமீட்டர் வந்தால் மெட்ரிக், 11.5 வந்தால் அங்குலத்துக்கு 22 மரை உள்ள பிரிட்டிஷ் வகை.

ஹெட் பக்கம் நைலான் வளையம் வைத்த நட்டு ஆகாது. சுமார் 120 டிகிரிக்கு மேல் நைலான் பிடி விட்டுவிடும். பித்தளை அல்லது செம்பு பூசிய நட்டு போட்டால் துருவேறி ஒட்டிக்கொள்ளாது, அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாது. செம்பு பேக்கிங் வளையம் ஒரு முறை நசுங்கியதோடு சரி, புதிதுதான் போட வேண்டும். அதன் விலை பார்த்து மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்றிவிட்டு, ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி, பிராக்கெட்டுக்குக் கடைசியில் வர வேண்டும். துளை ஒன்றுக்கொன்று நேராக வராவிட்டால் சைலன்சரை நெம்பி இழுக்கக் கூடாது. அந்த இழுவை முழுவதும் ஹெட் ஸ்டட்டில்தான் போய் உட்காரும். இடைவெளி எவ்வளவோ அதே தடிமனுக்கு வாஷர் வைத்து நிரப்புங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு எல்லாவற்றையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். புது பேக்கிங் அமர்ந்ததில் ஹெட் நட்டு அநேகமாகக் கால் சுற்றாவது இடம் கொடுக்கும்.