சூரியனின் தெற்கில் வெடிப்பு... தஞ்சை வயலுக்கு என்ன பாதிப்பு?

சூரியனின் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் முறுக்கேறி திடீரென வெடிப்பதுதான் சூரிய வெடிப்பு. இது சூரியனின் வட பாதியிலும் தென் பாதியிலும் ஒரே அளவில் நடப்பதில்லை.

எவ்வளவு வித்தியாசம்?

சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2008-ல் தொடங்கிய சுழற்சியில் வட பாதி 2011-லேயே உச்சம் தொட்டுடுச்சு. தென் பாதிக்கு 2014 ஆச்சு! 1904 முதல் கொடைக்கானல் ஆய்வகம் எடுத்த சூரியப் படங்கள் இந்த ஏற்றத்தாழ்வை ஆராய உதவுகின்றன.

தெற்கில் வெடித்தால் தென்னிந்தியாவுக்கா?

இல்லை. வெடிக்கும் இடம் பூமியைப் பார்த்து இருக்கிறதா என்பதே முக்கியம். 2024 மே மாதம் தென் பாதியில் அடுத்தடுத்து வெடிப்புகள். லடாக் வானமே சிவந்தது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜி.பி.எஸ் டிராக்டர்கள் தடுமாறின.

டெல்டாவுக்கு?

நெற்பயிருக்கு நேரடி பாதிப்பில்லை, வெயிலும் கூடாது. ஆனா மருந்து தெளிக்கும் டிரோன் ஜி.பி.எஸ்-ஐ நம்பித்தான் பறக்குது. பெரிய சூரியப் புயல் எச்சரிக்கை வந்தால், அன்றைக்குத் தெளிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது.