ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையே இறங்கிய சுருதி

ஊன்ட்றொப் என்றதும் எம்மவர் மனத்தில் எழுவது 2002 யூலையில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயமே. இங்குள்ள ஜேர்மனியரைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள். அவர்களுக்கு இவ்வூர் மின்சாரத்தின் ஊர். 1985இல் மின்வலையோடு இணைக்கப்பட்ட தோரியம் அணு உலை 1989இல் மூடப்பட்டது. அதன் குளிர்விப்புக் கோபுரம் 1991இல் வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. அதன் அருகே நிலக்கரியை எரித்துப் பல பத்தாண்டுகள் இயங்கிய நிலையமும் 2021இல் அத்தொழிலை முடித்துக்கொண்டது. இத்தகைய நிலையங்களின் பெரிய நீராவிச் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 தடவை, அதாவது வினாடிக்கு 50 தடவை சுழல்பவை. எமது வீடுகளுக்கு வரும் ஆடலோட்டத்தின் மீடிறன் 50 ஹேட்ஸ் என்பது அந்தச் சுழற்சியின் கணக்கே. இந்தச் சிறு எண் இவ்வூரில் வாழும் முதியவர் ஒருவரைப் பல மாதங்கள் வருத்தியது.

அவருடைய தமக்கையார் ரொறன்ரோவில் காலமானபின், பிள்ளைகள் அவரது இசைத்தட்டுகளையும் அவற்றை இசைக்கும் சுழலியையும் மாமனுக்கே அனுப்பிவைத்தனர். சுழலியின் அடியில் 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ் என்று பொறிக்கப்பட்டிருந்தது. வோல்ற்றளவு வேறு என்பதை மகன் கவனித்து, 230ஐ 120 ஆகக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்றை வாங்கினார். தட்டுச் சுழன்றது. முதலில் வைத்தது 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் இணைந்த பாடல். ஊரில் கலியாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் ஒலிபெருக்கிக்காரர் அதனை ஒலிக்கவிடாத நாளுண்டோ?

"இது அந்தச் சுருதி இல்லை" என்றார் முதியவர். குரல் கனத்திருந்தது, நாதசுரம் சோர்ந்து இழுத்தது. பிள்ளைகள் நம்பவில்லை. தட்டுப் பழையது என்றார்கள். அப்பாவின் காது தளர்ந்துவிட்டது என்றும் மெல்லப் பேசிக்கொண்டார்கள். காது கேட்கும் கருவி அணிபவர் அவர். நாளடைவில் தாமே தம்மைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். அறுபது ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த ஒரு பாட்டைத் தவறாக நினைவில் வைத்திருந்தோமோ என்று என்னிடம் கேட்டபோது, எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

சோதனை எளிது. சுழல்தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டொன்றை ஒட்டி, வேகத்தை 33⅓ இல் வைத்து, மூன்று நிமிடங்களில் அது எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணினோம். நூறு வரவேண்டும். எண்பத்து மூன்றே வந்தது. அறுபதுக்கு ஐம்பது என்ன விகிதமோ, நூறுக்கு எண்பத்து மூன்றும் ஏறக்குறைய அதே விகிதம்!

பழைய சுழலிகள் பலவற்றில் இருப்பது ஆடலோட்டத்தின் மீடிறனோடு ஒத்து இயங்கும் மோட்டர். வோல்ற்றளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அதன் வேகம் மாறாது. மீடிறன் மாறினால் மாறும். நிலைமாற்றி வோல்ற்றைத்தான் மாற்றும், மீடிறனைத் தொடாது. கனடாவில் 60; இலங்கை, இந்தியா, ஐரோப்பா எங்கும் 50. ஆகவே பாட்டு ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்தது. சுருதியோ மூன்று அரைச்சுரம் இறங்கியது. ஆறுக்கு ஐந்து என்பது சாதாரண காந்தாரத்துக்கும் சட்ஜத்துக்கும் உள்ள விகிதம். அந்தப் பாடலின் ஆபேரியில் வருவதும் அதே காந்தாரம். அது சட்ஜத்தின் இடத்துக்கு இறங்கி ஒலித்ததைத்தான் முதியவரின் காது பிடித்துவிட்டது.

பரிகாரம் இரண்டு. மோட்டரின் அச்சிலுள்ள கப்பியை 50 ஹேட்சுக்குரிய சற்றுப் பெரிய கப்பியாக மாற்றலாம். கிடைத்தால் அதுவே மலிவு. இந்தச் சுழலிக்குக் கிடைக்கவில்லை. மற்றது புறத்தே வைக்கும் மின்வழங்கிப் பெட்டி. அதனுள் குவாட்ஸ் பளிங்கொன்று தளராத துடிப்பைத் தருகிறது; அதிலிருந்து 60 ஹேட்ஸ் அலை உருவாக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, 120 வோல்ற்றாக மோட்டருக்குச் செல்கிறது. மோட்டர் உண்பது சில வாற்றுகளே என்பதால் பெட்டி சிறிது. பொத்தானை அழுத்தினால் மீடிறன் 81 ஆகும்; பட்டியைக் கப்பியில் இடம் மாற்றாமலே 45 சுற்றுத் தட்டையும் கேட்கலாம்.

இசை ஆர்வலர்கள் இத்தகைய பெட்டிகளை வேறொரு காரணத்துக்காக வாங்குகின்றனர். ஸ்கொத்லாந்தின் லின் நிறுவனம் தனது எல்பி12 சுழலிக்கு 'லிங்கோ' என்ற பெட்டியை 1990இல் வெளியிட்டது முதல் இது ஒரு சந்தையாகவே வளர்ந்துவிட்டது. மோட்டருக்குச் செல்லும் அலை தூய்மையானால் அதன் அதிர்வு குறையும், அதிர்வு ஊசிக்கு எட்டினால் ஒலி மாசுபடும் என்பது உண்மை. ஆனால் ஐரோப்பிய மின்வலையின் வேகமே நம்பத்தகாதது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பவேண்டாம். 2018இல் சேர்பியாவும் கொசோவோவும் பிணங்கியதால் கண்ட ஐரோப்பாவின் அடுப்புக் கடிகாரங்கள் ஆறு நிமிடம் பின்தங்கியமை வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அப்போதும் சராசரி மீடிறன் 49.996. அந்த வேறுபாட்டை எந்தக் காதும் அறியாது. சரியாகச் சுற்றும் சுழலி வைத்திருப்பவர் அந்தப் பணத்துக்கு நல்லதொரு ஊசி வாங்குவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

நேரோட்ட மோட்டர் உள்ளவற்றுக்கும், தமக்குள்ளேயே பளிங்கைக் கொண்ட நேரடிச் சுழலிகளுக்கும் இப்பெட்டி பொருந்தாது. சுழலியின் அடியைத் திறப்பது தொழில் தெரிந்தவர் வேலை.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். சிறுவனாகிய என் கை சோர்ந்தால் பாடகரும் சோர்ந்துபோவார்; திண்ணையிலிருந்து ஓர் அதட்டல் வரும். புற மின்வழங்கி எமக்குப் புதிதல்ல.

பெட்டி பொருத்திய அன்று மறுபடி எண்ணினோம். நூறு. பிறகு பாட்டு. முதியவர் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் மகனைப் பார்த்து, தட்டைத் திருப்பிப் போடும்படி கையால் காட்டினார். பேரப்பிள்ளைகள் தங்கள் கைத்தொலைபேசிகளை அதில் செருகிவிடுவார்கள் என்று அஞ்சி, பெட்டியின்மேல் தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் "வேறு எதையும் செருகவேண்டாம்" என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்.