முனை மழுங்கிய தோட்டா

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊரில் 'தோட்டா' என்றால் கல்குவாரியில் பாறையைப் பிளக்க வைக்கும் வெடி என்றுதான் பொருள். துப்பாக்கித் தோட்டாவை நான் முதன்முதலாகத் தொட்டது சென்ற ஆண்டு தேசிய மாணவர் படை முகாமில். அந்த .22 தோட்டாவின் அடிப்பாகம் வழவழப்பாக இருந்தது. "இதற்குக் கேப்பு எங்கே ஐயா?" என்று ஹவில்தாரிடம் கேட்டேன். "விளிம்புக்குள்ளே சுற்றிலும் மருந்து இருக்கிறது. ஊசி விளிம்பில்தான் தட்டும்" என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

லயன் காமிக்ஸ் படிக்கும் நண்பர்கள் டெக்ஸ் வில்லரின் கையிலுள்ள வின்செஸ்டர் துப்பாக்கியை அறிவார்கள். கைப்பிடியின் அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால், சுட்ட தோட்டாவின் வெற்றுறை வெளியே விழும். புதிய தோட்டா உள்ளே ஏறும். அவ்வளவு தோட்டாக்களும் எங்கே இருக்கின்றன? சுடுகுழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் உண்டு. அதற்குள் தோட்டாக்கள் ரயில் பெட்டிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அவற்றைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தோட்டாவின் மூக்கும் தனக்கு முன்னே நிற்கும் தோட்டாவின் அடிப்பாகத்தில் முட்டியபடி இருக்கும்.

அமெரிக்காவில் 1860-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி துப்பாக்கியின் குழாய் பல தோட்டாக்களைக் கொள்ளும். அவை விளிம்பில் மருந்துள்ள தோட்டாக்கள். மூக்கு மையத்தில் முட்டினாலும் அங்கே கேப்பு இல்லை. 1873-ஆம் ஆண்டின் வின்செஸ்டருக்கு வந்த .44-40 தோட்டாவிலோ கேப்பு நடுமையத்தில் இருந்தது. மூக்கு முட்டும் இடமும் அதுவே! அதனால்தான் அதன் குண்டு தட்டையான முனையுடன் செய்யப்பட்டது.

முனை தட்டையாக இருந்தால் என்ன நன்மை? நாம் பள்ளியிலேயே படித்ததுதான்: விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஓர் உதாரணத்துக்கு, ஒரே விசை 20 சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழுவதாகக் கொள்வோம். அதுவே 1 சதுர மில்லிமீட்டர் கூர்முனையில் குவிந்தால் அழுத்தம் 20 மடங்காகிவிடும். துப்பாக்கியின் ஊசி கேப்பை வெடிக்கச் செய்வதும் இவ்வாறு அடியைச் சிறு இடத்தில் குவித்துத்தான். கூரான, கடினமான குண்டு ஒவ்வொன்றும் குழாய்க்குள் ஓர் ஊசியாகிவிடும்.

சும்மா முட்டிக்கொண்டிருப்பது மட்டும் அபாயமல்ல. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. குழாயிலுள்ள தோட்டாக்களோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றன. ஸ்பிரிங் அமுங்கி, மறுகணம் வரிசை முழுவதையும் பின்னே தள்ளுகிறது. அந்த மோதலில் ஒரு கேப்பு வெடித்தால், அதைத் தாங்க அங்கே சுடுகுழல் அறையின் கனத்த எஃகு இல்லை. மெல்லிய குழாய் மட்டுமே உண்டு. சுடுபவரின் இடக்கை பிடித்திருப்பதும் அந்த இடத்தைத்தான்.

பிரெஞ்சு ராணுவமும் இச்சிக்கலைச் சந்தித்தது. அதன் 1886-ஆம் ஆண்டு லெபெல் துப்பாக்கியிலும் குழாய்தான். 1898-இல் அது கூர்முனைக் குண்டை ஏற்றது. தோட்டாவின் அடியில் கேப்பைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் இருந்தது. பின்னாலிருக்கும் குண்டின் முனை கேப்பில் படாமல் அப்பள்ளத்தில் தங்கும். நம் காலத்தில் ரப்பர் போல் வளையும் பிளாஸ்டிக் முனை வைத்த தோட்டாக்களும் குழாய்த் துப்பாக்கிகளுக்கென்றே விற்கப்படுகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் விதிகள் சில. குழலின் மேல் பொறித்துள்ள வகைத் தோட்டாவையே இடவேண்டும். அளவு பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. குழாய்க்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் கூறியிருக்கவேண்டும். கடினமான கூர்முனைக் குண்டை ஒருபோதும் குழாயில் வரிசையாக அடுக்கலாகாது. அடிமட்டத்துக்கு மேல் கேப்பு துருத்திய தோட்டாவை ஒதுக்கவேண்டும். தோட்டாவை வேகமாக விழவிடவோ, ஸ்பிரிங்கைச் சடாரென்று விடவோ கூடாது. துப்பாக்கியின் வாய் ஆளில்லாத திசையிலும், விரல் டிரிக்கருக்கு வெளியிலும் இருக்கவேண்டும். காலி செய்த பிறகு குழாய், அறை இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

நம்மில் ஒருவரும் இத்துப்பாக்கியை வாங்கப்போவதில்லையே, இது எதற்கு என்று நண்பர்கள் வினவலாம். என் தந்தையார் குவாரியில் வெடி வைப்பவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், திரியைக் கேப்போடு சேர்த்து நெருக்கக் குறடு இல்லையென்று உடனிருந்தவர் கல்லால் தட்டினார். அப்பாவின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. அந்தக் கேப்புகள் வந்த அட்டைப்பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் ஆணி போட்டு வைக்கப் பயன்படுகிறது. அடிபடக்கூடாது, குறடு கொண்டே நெருக்கவேண்டும் என்று அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. அன்று அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவருமில்லை.

இந்த விடுமுறையில் அதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பெட்டியையே பார்த்தார். "இது அன்னைக்கே அதுலதான் இருந்துச்சா?" என்று கேட்டார். மறுநாள் வேலைக்குப் போகும்போது, புதிதாக வந்துள்ள பெட்டி ஒன்றின் மேலட்டையைக் கிழித்து வருவதாகவும், அதையும் படித்துச் சொல்லவேண்டும் என்றும் சொல்லிப் போனார்.