உங்களுக்குத் தெரியுமா?

அரையடிக் கன எஃகுக் கலனைப் பிளக்கச் சுண்டுவிரல் நக அளவு விரிசல் போதும்!

• 1965 டிசம்பர், இங்கிலாந்து. அம்மோனியா ஆலைக்கான புத்தம்புதுக் கலன்; சுவரின் கனம் 149 மி.மீ. தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை நடந்தது. குறித்த அழுத்தத்தை எட்டுமுன்பே வெடித்தது. சுமார் 2 டன் துண்டு ஒன்று 46 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. இத்தனைக்கும், பாதுகாப்பு கருதித்தான் காற்றுக்குப் பதில் தண்ணீர்!

• தொடக்கப்புள்ளி, வெல்டிங் ஓரத்தில் இருந்த சுமார் 10 மி.மீ. விரிசல். வெல்டிங்குக்குப் பிந்தைய வெப்பப் பதப்படுத்தல் சரியாக நடக்கவில்லை.

• கனம் கூடினால் பலம் கூடும்தான். ஆனால் கனத்த சுவரின் நடுப்பகுதி, சுற்றியுள்ள உலோகத்தின் பிடியில் நெளிந்துகொடுக்க முடியாமல் கண்ணாடிபோல் உடையும். குளிரில் இன்னும் எளிதாக.