பல்லில் அடைத்தது ஏன் கழல்கிறது?

அடைத்த பல் மறுபடியும் திறந்துவிட்டது, இனிப் பிடுங்கி எறிவதே மேல் என்ற பேச்சை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் நாம் எல்லோரும் கேட்டிருப்போம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் குடும்பத்தைத் தாங்கிய எமது பெண்கள் பிள்ளையின் காய்ச்சலுக்கு ஓடுவார்கள். தமது பல்வலிக்கோ கராம்பை வைத்து நாளைக் கடத்துவார்கள். ஆனால் சகோதரிகளே, அடைத்தது கழன்றால் பல்லே போய்விட்டது என்று அர்த்தமில்லை.

வெள்ளை அடைப்பு பல்லில் எப்படி ஒட்டுகிறது? பல்லின் வெளிப்படை எனாமல். அதன் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனிப்பொருள். 1955இல் அமெரிக்கப் பல் வைத்தியர் மைக்கேல் பூனோகோர், பொஸ்போரிக் அமிலத்தை எனாமலில் சிறிது நேரம் பூசினால் பிசின் நன்றாகப் பிடிப்பதைக் கண்டறிந்தார். அமிலம் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளுக்குள் பிசின் இறங்கி இறுகிவிடுகிறது. இந்தப் பிடி பல வருடங்கள் நிலைக்கும்.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் வேறு மாதிரி. அதில் நீரும் கொலாஜன் என்னும் நாரும் உண்டு. பிசின் முழுதாகப் போய்ச் சேராத நார்களைக் காலப்போக்கில் நீரும், பல்லிலேயே உள்ள நொதியங்களும் அரித்துவிடுகின்றன. பிசினும் ஈரத்தில் மெல்ல நலிகிறது. ஆகவே பிடி தளர்கிறது. அடைக்கும்போது எச்சில் பட்டுவிட்டால் இன்னும் விரைவில் தளரும்.

சூத்தை சிறிதாக இருக்கும்போதே போனால் அடைப்பின் விளிம்பு எனாமலில் அமையும். பிந்தினால் டென்டினையே நம்ப வேண்டும். நாம் தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

ஈரத்தைத் தவிர்க்க முடியாத இடத்துக்கு கிளாஸ் அயனோமர் என்னும் வேறொரு சீமெந்து உண்டு. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான இது, பல்லின் கல்சியத்துடன் இரசாயன முறையில் பிணைகிறது, புளோரைட்டையும் வெளிவிடுகிறது. வெள்ளை அடைப்பைவிடத் தேயக்கூடியது. 1980களில் தன்சானியாவில், மின்சாரமில்லாத கிராமங்களில், கைக்கருவிகளால் சூத்தையைச் சுரண்டி அடைத்துப் பற்களைக் காத்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

அடைக்கும்போது வாயில் எச்சில் ஊறினால் கூச்சப்படாமல் கையை உயர்த்திக் காட்டுங்கள்.

அடைப்பின் ஓரத்தில் கறுத்த கோடு, உணவு சிக்குதல், குளிரிலோ இனிப்பிலோ கூச்சம் தோன்றினால் உடனே காட்டுங்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

புளோரைட் உள்ள பற்பசையால் தினமும் இரு தடவை துலக்குங்கள். இரவுத் துலக்கலைத் தவற விடாதீர்கள். சீனி போட்ட தேநீரை அடிக்கடி பருகுவதைக் குறையுங்கள்.

கழன்றால், பிடுங்கச் சொல்லுமுன், "திரும்ப அடைக்கலாமா?" என்று கேளுங்கள்.

அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் கட்டணம் இல்லை. பிள்ளையைக் கூட்டிச் செல்லும் நாளில், உங்கள் வாயையும் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள்.