மூச்சு எங்கே இருக்கிறது?

அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், புளியமரத்தடிப் பாறையில் கரிக்கட்டியால் கட்டம் வரைந்து ஆடு புலி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 23 புள்ளிகள். புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை.

“உன் புலி மாட்டிக்கிச்சுடா!” என்றாள் அக்கா.

“இல்லக்கா, இந்தக் கோட்டைப் பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். புலியை ஒட்டிய புள்ளிகளில் எல்லாம் ஆடு நின்றது. ஆனால் ஓர் ஆட்டுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், ஒரு புள்ளி காலி. அந்த ஆட்டைத் தாண்டி வெட்டிவிட்டுப் புலி அங்கே போய் உட்காரலாம். தம்பி சொன்னது சரிதான்.

புலி தப்பியது கூழாங்கல்லின் பலத்தால் அல்ல, அந்தக் காலிப் புள்ளியால். இதே கணக்கை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும் ஆட்டம் ஒன்று உண்டு. சீனாவில் பிறந்து, 2,500 ஆண்டுகளுக்கும் மேலாக ஆடப்படும் ‘கோ’.

கோ பலகையில் குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள், அவை வெட்டும் 361 புள்ளிகள். ஒருவருக்குக் கறுப்புக் காய், மற்றவருக்கு வெள்ளை. வைத்த காய் நகராது. காயை ஒட்டிய காலிப் புள்ளியைச் சீனர்கள் ‘மூச்சு’ என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! நடுப்பலகையில் ஒரு காய்க்கு 4 மூச்சு, ஓரத்தில் 3, மூலையில் 2. எல்லாவற்றையும் எதிராளி அடைத்துவிட்டால் காய் வெளியே. ஒரே நிறக் காய்கள் கோட்டு வழியே ஒட்டி நின்றால் மூச்சும் பொது, சாவும் பொது.

கறுப்புக் கூட்டம் ஒன்றை வெள்ளை சுற்றி வளைத்துவிட்டது என்று வையுங்கள். உள்ளே ஒரே ஒரு காலி ஓட்டை. அதிலும் வெள்ளை ஒரு காய் வைத்தால் கடைசி மூச்சும் போய்விடும். தனித்தனியாக இரண்டு ஓட்டைகள் இருந்தால்? ஒன்றில் வெள்ளை வைக்கப் பார்த்தால், கறுப்புக்கு இன்னொரு மூச்சு மீதி. வைத்த வெள்ளைக்கோ மூச்சே கிடையாது. அப்படி வைக்க விதி இடம் தராது. ஒரே நேரத்தில் இரண்டையும் அடைக்கவும் முடியாது. அந்த ஓட்டைகளைக் ‘கண்’ என்பார்கள். இரண்டு கண் உள்ள கூட்டத்தைக் கொல்லவே முடியாது.

ஆட்டம் முடிந்து புள்ளி எண்ணும்போதுதான் சிக்கல். இரண்டு கண் அமைக்க வழியே இல்லாத கூட்டம் பலகையில் நின்றுகொண்டிருந்தாலும் செத்ததுதான். இருவரும் ஒத்துக்கொண்டு அதை எடுத்துவிடுவார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? சீன முறையில் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடிப் பார்ப்பார்கள். குரலை உயர்த்தி வாதாடத் தேவையில்லை, சோதித்தால் தெரிந்துவிடும். எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகப் பிடித்த விதி இது.

இரண்டு கண் விதிக்கு விலக்காக, எனக்கு வியப்பான இன்னொரு நிலையும் உண்டு. எதிரெதிர்க் கூட்டங்கள் இரண்டு, கண்ணே இல்லாமல், இரண்டு மூச்சைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். முதலில் அடைப்பவர் தன் மூச்சையும் சேர்த்தே அடைக்கிறார். அடுத்த காயில் மாட்டிக்கொள்வார். அதனால் இருவரும் கைவைக்க மாட்டார்கள். இரண்டும் உயிரோடு இருக்கும்.

எந்தக் கூட்டம் உயிர், எது சாவு என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது எளிதாக இருக்கவில்லை. சொந்தக்காரர் பதிலுக்கு ஒரு காய்கூட வைக்காவிட்டாலும் சாகாத கூட்டங்களைக் கண்டுபிடிக்க, 1976இல் டேவிட் பென்சன் ஒரு வழிமுறை தந்தார். அதற்கு 40 ஆண்டு கழித்து, 2016 மார்ச்சில் சியோலில், ஆல்ஃபாகோ என்ற நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4–1 என்று வென்றது.

இப்போது உங்கள் முறை. சுற்றி வளைக்கப்பட்ட கறுப்புக் கூட்டத்துக்குள் ஒரே வரிசையில் 3 காலிப் புள்ளிகள். கறுப்பு முந்திக்கொண்டு நடுவில் வைத்தால் இரண்டு கண், உயிர். வெள்ளை முந்தினால் சாவு. அதே வரிசையில் 4 புள்ளிகள் இருந்தால், யார் முந்தினாலும் கறுப்பு பிழைத்துவிடும். எப்படி? புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.